வாணலியும் வானலையும்

“டவர் கிடைக்கவில்லை” என்ற வாக்கியம் நமது பாஷையில் புகுந்து அதிக காலம் ஆகவில்லை. 1995-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்காளத்தின் முதன் மந்திரி ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். நமது தேசத்தில் முதல் செல்போன் பேச்சு அதுதான். அன்று மந்திரிகளுக்குக் கிட்டிய பாக்கியம் இன்று கீரைக்காரிக்கும் கிட்டியிருக்கிறது. கூடவே “டவர் கிடைக்கவில்லை” என்னும் புலம்பலும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் வாக்கியமே விசித்திரமானது. டவர் எங்கேயும் போய்விடவில்லை. ஊர்க் கோடியில் தென்னை மரத்துக்கும் மேலே தலையை நீட்டி, சிவப்பும் வெள்ளையும் பூசிக்கொண்டு, நட்ட இடத்திலேயே நிற்கிறது. நாம்தான் மேய்ச்சலுக்குப் போன மாட்டைத் தேடுகிறவர்களைப் போலச் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்துக்கும் மொட்டை மாடிக்குமாக அலைகிறோம்.

இந்த அலைச்சலுக்குப் பரிகாரமாக நமது வீடுகளில் தோன்றியிருக்கும் யுக்திகளைத் தொகுத்தால், பாட்டி வைத்தியத்துக்கு ஓர் அநுபந்தமே எழுதிவிடலாம். செல்போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கத்தரித்து அதன் முதுகில் ஒட்டுபவர்கள் உண்டு. செம்புக் கம்பியைச் சுருட்டி உறைக்குள் செருகுவார்கள். வாணலியை ஜன்னலில் சாய்த்து வைத்து அதன் நடுவே செல்போனை உட்கார வைப்பார்கள். சிம் கார்டைக் கழற்றி, பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி போடுவார்கள். ஒவ்வொரு யுக்திக்கும் “எங்கள் வீட்டில் பிரத்தியட்சமாகப் பார்த்தோம்” என்று சத்தியம் செய்யச் சாட்சிகள் இருக்கிறார்கள். “என்ன ஸார், ஸயன்ஸ் வாத்தியாராக இருந்துகொண்டு டம்ளரை நம்பமாட்டேன் என்கிறீர்களே!” என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. டம்ளரில் வைத்த பிறகு கோடுகள் கூடியதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அவர் கண்டது எதனால் நேர்ந்தது என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம்.

இந்த விசாரணை வெறும் பொழுதுபோக்கு அன்று. 2020-ம் வருஷம் கொள்ளை நோய் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பாடம் கேட்பதற்காக மரத்தின் மீதும், தண்ணீர்த் தொட்டியின் மீதும், குன்றின் உச்சியிலும் ஏறி உட்கார்ந்த குழந்தைகளை நாம் பத்திரிகைப் படங்களில் பார்த்தோம். நடு இரவில் பிரசவ வேதனை கண்ட வீட்டில் ஆம்புலன்ஸை அழைக்க ஒருவன் செல்போனும் கையுமாகத் தெருவின் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்பது, ஓர் உயிர் அல்ல, இரண்டு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அலுமினியத் தாளை ஒட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் குடும்பம், உண்மையில் பலன் தரக்கூடிய ஏற்பாட்டைத் தேடாமலே இருந்துவிடுகிறது. அதுதான் இத்தகைய யுக்திகளால் வரும் நஷ்டம். தாளின் விலை ஒரு பொருட்டல்ல.

முதலில் அந்தக் கோடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செல்போனின் மூலையில் படிக்கட்டுப் போல நிற்கும் நாலைந்து கோடுகளை நாம் தராசு முள்ளாக நினைக்கிறோம். அவை அப்படிப்பட்டவை அல்ல. எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்பதற்கு உலகப் பொதுவான விதி எதுவும் இல்லை. செய்கிறவர்கள் தங்கள் தங்கள் இஷ்டப்படி வைத்துக்கொண்ட கணக்கு அது. 2010-ம் வருஷம் ஆப்பிள் கம்பெனியின் ஐஃபோன் 4 வெளிவந்தபோது, அதன் இடது கீழ் மூலையைக் கை மூடினால் கோடுகள் மடமடவென்று சரிகின்றன என்று பெரிய கூக்குரல் எழுந்தது. ஜூலை 2-ந் தேதி கம்பெனியார் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முழுத் தவறு என்றும், பல சமயங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டி வந்திருக்கிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டார்கள். அத்தனை பெரிய கம்பெனியின் கோடுகளே அந்த லட்சணத்தில் இருந்தன என்றால், நாம் கோடுகளை வைத்து டம்ளருக்குச் சாட்சி சொல்லுவது எப்படிப் பொருந்தும்?

உண்மையான அளவு வேறோர் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆண்டிராய்டு செல்போன்களில், செல்போனைப் பற்றிய விவரங்கள் அடங்கிய பகுதியில் சிம் நிலவரம் என்று ஒன்று உண்டு. அதற்குள் சிக்னலின் பலம் டி.பி.எம். என்னும் அளவில், கழித்தல் குறியுடன், எழுதியிருக்கும். 4ஜி-யில் -80 என்றால் வெகு நேர்த்தி; -100 என்றால் காலம் தள்ளலாம்; -115-ஐத் தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். இந்த எண்களில் பத்துக் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிறது. இருபது குறைந்தால் நூற்றில் ஒரு பங்காகிறது. -110 என்பது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு லட்சம் கோடிப் பங்கு செய்து அதில் ஒரு பங்கு. அந்த அற்பத்திலும் அற்பமான துளியைப் பொறுக்கி எடுத்து, உங்கள் மருமகளின் குரலாக மாற்றிக் காதில் போடும் யந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உலோகத்தின் சங்கதி. வீட்டுச் சாமானைக் கொண்டு மின்காந்த அலையைத் திருப்பலாம் என்ற எண்ணமே மூடத்தனம் என்று சில படித்தவர்கள் நகைக்கிறார்கள். சரித்திரம் தெரியாதவர்கள்தாம் அப்படி நகைக்க முடியும். இந்த விஞ்ஞானம் முழுவதும் தகரத்திலும் ஈயத்தாளிலும் பிறந்தது. 1836-ம் வருஷம் லண்டனில் ஃபாரடே பன்னிரண்டு அடிச் சதுரமாக ஓர் அறை கட்டி, அதைச் சுற்றி ஈயத்தாள் ஒட்டி, வெளியிலிருந்து என்ன மின்சாரம் ஏற்றினாலும் உள்ளே ஒன்றும் எட்டுவதில்லை என்று காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து, ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைக் கண்டுபிடித்தபோது, துத்தநாகத் தகட்டை வளைத்து வைத்து, டார்ச் விளக்கின் ஒளியைப் போல அவற்றை ஒருமுகமாகச் செலுத்தினார்.

இவர்களுக்குப் பிறகு வந்தவர் நம்மவர். 1895-ம் வருஷம் கல்கத்தா நகர மண்டபத்தில், ஜகதீச சந்திர போஸ் இடையில் நின்ற சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையைக் கொண்டு தூரத்தில் மணி அடிக்கச் செய்தார். வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். பிரஸிடென்ஸி காலேஜில் அவருக்கு வசதியான ஆராய்ச்சிச்சாலை இல்லை. கருவிகளைத் தம்முடைய யோசனைப்படி, அந்த வேலையில் முன்பழக்கம் இல்லாத ஒரு தகரக் கொல்லரைக் கொண்டு செய்வித்தார். அலைகளை ஒரே திசையில் அதிரச் செய்யும் சல்லடை ஒன்று தேவைப்பட்டபோது அவர் எடுத்தது என்ன? பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புஸ்தகம்! அதன் ஏடுகளுக்கு நடுவே ஈயத்தாளைச் செருகிவிட்டார், கருவி தயாராகிவிட்டது. முறுக்கிய சணலையும் இவ்வாறே உபயோகித்தார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் அரை சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை. 2022-ம் வருஷம் 5ஜி சேவைக்காக இந்திய சர்க்கார் ஏலம் விட்ட அலைகளில் 26 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஏலம் எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த ரயில்வே அட்டவணையை நினைத்தார்களோ!

ஆகவே ஈயத்தாளைக் கண்டு நான் நகைக்கப் போவதில்லை. ஆனால் மேற்சொன்ன கதைகளை மறுபடி ஒரு முறை பாருங்கள். ஹெர்ட்ஸின் தகடு அலையைக் குவித்தது. ஃபாரடேயின் தாள் மின்சாரத்தை அடியோடு தடுத்தது. இரண்டும் உலோகந்தான். எந்த வடிவத்தில், எத்தனை பெரிதாக, எங்கே, எதை நோக்கி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே அலுமினியத் தாள் தோழனாகவும் இருக்கும், துரோகியாகவும் இருக்கும். செல்போனின் முதுகில் ஒட்டும்போது அது பெரும்பாலும் துரோகிதான். ஏனென்றால் செல்போனின் ஆண்டெனாக்கள் அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் உள்ளுக்குள்ளே இருக்கின்றன. தாள் அவற்றை ஒரு புறம் மூடுவதோடு, வீணைத் தந்தியின் மேல் விரலை வைத்து அழுத்தினால் சுருதி மாறிவிடுவதுபோல், அவற்றின் சுருதியையும் கெடுத்துவிடுகிறது.

நடுத்தர வயதுக்காரர்களுக்கு இங்கே ஓர் ஆட்சேபம் தோன்றும். “மொட்டை மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்து இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தோமே, அது மட்டும் எப்படி?” என்பார்கள். நியாயமான கேள்வி. 1982-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி ரூபவாஹினி ஆரம்பமாயிற்று. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையில் அதன் ஒலிபரப்புக் கோபுரம் இருந்தபடியால், நம்முடைய தென் கடற்கரை ஜில்லாக்களில் உயர்ந்த குழாயின் மேல் ஆண்டெனா கட்டியவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். கீழே ஒருவர், “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்! ஐயோ, போய்விட்டது, திரும்பு, திரும்பு!” என்று கத்த, மேலே ஒருவர் வியர்க்க விறுவிறுக்கக் குழாயைச் சுழற்றுவார். அந்த மீன் முள் ஆண்டெனாவை 1926-ல் ஜப்பானில் ஸெண்டாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த உடாவும் யாகியும் உலகுக்கு அளித்தார்கள். 1942-ல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்தபோது, பிரிட்டிஷ் ராடார்க் குறிப்புகளில் “யாகி” என்ற சொல்லைக் கண்டு அர்த்தம் தெரியாமல் விழித்தார்களாம். அது உங்கள் ஊர்ப் புரொபஸரின் பெயர்தானே என்று கைதி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்களாம்.

டெலிவிஷன் ஆண்டெனா பலித்ததற்குக் காரணம் இருக்கிறது. அது கூரைக்கு மேல் நின்றது. ஒரே திசையை நோக்கி அசையாமல் நின்றது. பிடித்ததைக் கம்பி மூலமாக நேரே பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. டெலிவிஷன் பெட்டி காதினால் கேட்பது மட்டுமே செய்யும், வாய் திறந்து பதில் சொல்லுவதில்லை. செல்போனோ டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 4ஜி செல்போனின் குரல் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் ஐந்தில் ஒரு வாட். டவரின் குரல் பத்துக்கணக்கான வாட். நமக்கு அது கேட்டால் மட்டும் போதாது, அதற்கு நாம் கேட்க வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் செல்போன் சூடேறிப் பாட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இதுவே காரணம். ஓயாமல் உச்ச ஸ்தாயியில் கத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது வாணலிக்கு வருவோம். யுக்திகளுக்குள் கொஞ்சம் மரியாதைக்கு உரியது அதுதான். சுமார் முப்பது சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள வாணலியை டவருக்கு நேராகத் திருப்பி, அலை குவியும் புள்ளியில் தகுந்த ஆண்டெனாவை வைத்தால், 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் பலம் ஏட்டுக் கணக்கில் பத்து மடங்குக்கு மேலும் கூடலாம். அந்த அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 33 சென்டிமீட்டர். அதற்கு அதே வாணலி சிறிய பாத்திரமாகிவிடுகிறது, லாபமும் மூன்று நான்கு மடங்காகச் சுருங்குகிறது. நியூஸிலாந்தில் சமையல் சல்லடையின் நடுவே வை-ஃபை பிடிக்கும் சிறு கருவியைக் கட்டி, வெகு தூரத்துக்குத் தொடர்பு ஏற்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், அலுமினியத் தாள் போர்த்திய வளைந்த பிளாஸ்டிக் வடிவத்தை வை-ஃபை பெட்டியின் அருகில் நிறுத்தி, வேண்டிய அறையில் பலம் கூடுவதையும் வேண்டாத இடத்தில் குறைவதையும் 2017-ல் அளந்து காட்டினார்கள்.

அவையெல்லாம் வை-ஃபை, இரு முனையும் எங்கே இருக்கின்றன என்று செய்கிறவருக்குத் தெரியும். வீட்டுக்குள் இருக்கும் செல்போனின் நிலை வேறு. டவரிலிருந்து அலை நேராக வருவதில்லை. எதிர் வீட்டுச் சுவரில் மோதி, பீரோவில் பட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நுழைந்து, பல வழிகளில் பல திசைகளிலிருந்து வந்து சேருகிறது. ஒரு திசையை வாரி எடுக்கும் வாணலி மற்றத் திசைகளை மறைத்துவிடும். அலை குவிவது ஒரு புள்ளியில். செல்போனின் ஆண்டெனாக்களோ நாலைந்து இடங்களில். தவிர, வாணலிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரால் பேச முடியும்?

இப்படிப் பல வழிகளில் வரும் அலைகள் ஓர் இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பலக்கின்றன. சற்றுத் தள்ளி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிகின்றன. அந்த “சற்று” எவ்வளவு என்றால் அலையின் பாதி நீளம். அதாவது 1800 மெகாஹெர்ட்ஸில் நான்கு விரற்கடை. நான்கு விரற்கடை நகர்த்துவதால் எண் எட்டு, பத்து என்று மாறுவது சாதாரணம். டம்ளரின் மர்மம் இங்கேதான் வெளிப்படுகிறது. டம்ளரில் வைப்பதற்காகச் செல்போனைக் கையிலிருந்து விட்டோம். கை மறைத்தது நீங்கிற்று. படுத்துக் கிடந்ததை நிமிர்த்தினோம். கட்டிலிலிருந்து ஜன்னல் ஓரத்து மேஜைக்குக் கொண்டுபோனோம். இந்த மூன்றும் பலன் தந்தன. புகழ் டம்ளருக்குப் போயிற்று. டம்ளரை எடுத்துவிட்டு, செல்போனை அதே இடத்தில் அதே நிலையில் நிறுத்திப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? (டம்ளரில் வைத்தால் பாட்டு உரக்கக் கேட்கும் என்பது மெய். அது ஒலியின் காரியம்.)

எங்கள் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டு இதைச் சோதிக்கச் செய்தேன். வராந்தாவில் சாண் சாணாகச் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் செல்போனை ஒரே மாதிரி நிறுத்தி, தாளோடும் தாளில்லாமலும் மாற்றி மாற்றிப் பல தடவை எண்ணைக் குறித்தார்கள். அலுமினியத் தாள் பின்னால் நின்றபோது எண் உயர்ந்ததும் உண்டு, தாழ்ந்ததும் உண்டு. தாளே இல்லாமல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நகர்ந்தபோது ஏற்பட்ட மாறுதல் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு சிறுவன் செல்போனைத் தன் டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடி, இப்போது மணி அடிக்காது என்று பந்தயம் கட்டினான். வராந்தாவில் மணி அடித்துவிட்டது. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் விடாமல் டப்பாவை வகுப்பின் உள் மூலைக்குக் கொண்டுபோனான், அங்கே அடிக்கவில்லை. மூடியின் சந்து வழியே கசிந்து வரும் சொற்ப அலை, சிக்னல் பலமாக உள்ள இடத்தில் போதும், மெலிந்த இடத்தில் போதாது என்று அவனே சொல்லிவிட்டான்.

மற்ற யுக்திகளை நான் நீட்டி முழக்கப் போவதில்லை. சிம் கார்டைத் தேய்ப்பதால், சிம் தெரியவில்லை என்ற கோளாறு நீங்கலாம். அலையின் பலம் சிம் கார்டில் இல்லை. செம்புக் கம்பிச் சுருள் எதனோடும் இணையாமல் உறைக்குள் கிடக்கும் வரையில் அது வெறும் செம்பு. பழைய செல்போன்கள் சிலவற்றின் முதுகில் ரப்பர் மூடியிட்ட சிறு துளை உண்டு. வெளி ஆண்டெனாவைச் செருகுவதற்கென்றே வைத்தது. அந்தத் துளையில் கம்பி பலித்த ஞாபகந்தான் துளையில்லாத செல்போனிலும் கம்பியைச் சுற்றச் சொல்லுகிறதோ என்னவோ. தங்க நிறக் கோடு அச்சிட்ட “ஆண்டெனா ஸ்டிக்கர்” என்று, பாட்டரிக்கு அடியில் ஒட்டுவதற்கு விற்றார்களே, அதை மோசடி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. எந்த மின் இணைப்பும் இல்லாத, எந்த அலைக்கும் அளவு பொருந்தாத காகிதம் அது.

பலிக்கும் வழிகள் பார்வைக்கு ஆடம்பரமற்றவை. மாடிக்குப் போவது பலிக்கும். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்குப் போவது பலிக்கும். காங்கிரீட் சுவர் அலையின் பலத்தைப் பத்தில் ஒன்றாகவோ நூற்றில் ஒன்றாகவோ குறைக்கக்கூடியது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய புதுமோஸ்தர்க் கண்ணாடி, பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே, சுவரைவிட மோசமாகத் தடுப்பதும் உண்டு. தகரக் கூரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டில் செல்போன் நன்றாகக் கேட்டு, அதே மனையில் கட்டிய புது வீட்டில் கேட்காமல் போவதற்குக் கிரக தோஷம் காரணமல்ல. உலோக உறை போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். விமானப் பிரயாணத்துக்கென்று உள்ள பொத்தானை ஒரு முறை அழுத்தி, மறுபடி விடுவித்தால், செல்போன் தூரத்து டவரைக் கட்டிக்கொண்டு அழுவதை விட்டு அருகிலுள்ள டவரைத் தேடிப் பிடிக்கும். செல்போனை மாடி ஜன்னலில் வைத்து, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் மூலம் கீழே இருக்கும் கருவிக்கு இணையத்தை இறக்கலாம்; பிள்ளையின் பாடத்துக்கு இது போதும், மரத்தில் ஏற வேண்டியதில்லை. அந்தச் செல்போனுக்குப் பின்னால் யாராவது வாணலியை வைத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினால் நான் தடுக்கமாட்டேன். வாணலிக்கு ஏற்ற வேலை அது ஒன்றுதான்.

“பூஸ்டர்” என்ற யந்திரத்தைப் பற்றி எச்சரிக்காமல் விடக்கூடாது. மேலே ஓர் ஆண்டெனா, கீழே ஓர் ஆண்டெனா, இடையே பலத்தைப் பெருக்கும் பெட்டி. இதனால் வீட்டில் சிக்னல் கூடுவது மெய்தான். ஆனால் கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைக் கொண்டுபோனால் “கூ” என்று ஊளையிடுகிறதே, அப்படியே இந்தப் பெட்டியும் தன் குரலைத் தானே கேட்டு ஊளையிட ஆரம்பித்துவிடும். அந்த ஊளை நம் காதில் விழாது. டவரின் காதில் விழும். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களின் மெல்லிய குரல்களை டவர் கேட்க முடிவதில்லை. ஒருவர் வீட்டில் ஐந்து கோடு; பக்கத்து நாலு தெருவில் அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாத நிலை. லைசென்ஸ் பெற்ற டெலிபோன் கம்பெனிகளைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், உபயோகிப்பதும் சட்ட விரோதம் என்று மத்திய தொலைத்தொடர்பு இலாகா 2022-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி பொதுஜனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அப்படியிருந்தும் கடைகளில் பகிரங்கமாக விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் நம்மைப் போன்ற கௌரவமான குடும்பஸ்தர்கள்தாம். கிணற்றில் தண்ணீர் இல்லையென்று ஊர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

டவரே எட்டாத ஊர்களுக்கு வாணலியும் உதவாது, ஜன்னலும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது டவர். 4ஜி சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2022 ஜூலையில் மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. தங்கள் ஊர் அந்த ஜாபிதாவில் உண்டா, டவர் நட்டாயிற்றா, நட்டது வேலை செய்கிறதா என்று அந்தந்த ஊர்க்காரர்கள் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு அலுமினியத் தாள் ஒட்டுவதற்குச் செலவாகும் ஊக்கத்தில் ஒரு பங்கு போதும், கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறிவிடும். அதுவரையில் மற்றொரு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும். உங்கள் கம்பெனியின் சிக்னல் அடியோடு இல்லாத இடத்திலும் செல்போனில் “அவசர அழைப்பு மட்டும்” என்று தெரிந்தால், வேறு கம்பெனியின் டவர் அங்கே எட்டுகிறது என்று பொருள். அந்த நிலையில் 112 என்ற எண்ணை அழைத்தால், செல்போன் அந்த அந்நியக் கம்பெனியின் டவர் வழியாகவே பேச முயலும்.

டவர் இருந்தும் வீட்டுக்குள் கேட்காத பட்டணத்து வீடுகளுக்கு, யுக்திகளையெல்லாம் அநாவசியமாக்கிவிடும் ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. கண்ணாடி இழைக் கம்பி மூலம் வீட்டுக்கு வரும் இணையத்தின் வை-ஃபையிலேயே சாதாரண டெலிபோன் பேச்சையும் பேசலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதை நமது தேசத்தில் ஆரம்பித்தன. தனிக் கட்டணம் இல்லை, எண் மாறுவதில்லை, செல்போனின் அமைப்புகளில் “வை-ஃபை காலிங்” என்று இருப்பதைத் திறந்துவிட்டால் போதும். எத்தனையோ வீடுகளில் அது மூடியே கிடக்கிறது, பக்கத்தில் செல்போன் டம்ளரில் நிற்கிறது. மின்சாரம் போனால் வை-ஃபை பெட்டியும் அணைந்துவிடும் என்பது இதில் உள்ள ஒரே குறை. அந்தப் பெட்டிக்கென்றே சிறிய பாட்டரி கடைகளில் கிடைக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்.